மூன்றாம் மாடிப் பீரோ

மேஸ்திரியிடம் ஒரு கதை உண்டு. அதைக் கேட்காத ஆள் அந்த வட்டாரத்தில் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். நேற்றுக் குடிவந்தவரும் தப்பியிருக்க முடியாது. அவருடைய கட்டிலையும் ஃபிரிட்ஜையும் லாரியிலிருந்து இறக்கியவர் மேஸ்திரியாகத்தான் இருப்பார். இறக்கி முடித்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பதற்குள் கதையையும் சொல்லி முடித்திருப்பார்.

வீடு மாற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். சொந்தமாக ஒரு லாரி, வடக்கயிறு, முதுகில் பாரம் தூக்க நெற்றியில் மாட்டும் பட்டைகள், கண்ணாடிச் சாமான்களுக்குச் சுற்றும் பழைய கம்பளிகள், கூட நாலைந்து ஆட்கள். ஊரில் பாதிப் பேருடைய வீட்டை மாற்றிக் கொடுத்தவர் தன் வீட்டை மட்டும் மாற்றியதே இல்லை. கல்யாணமான வருஷம் ஏறிய அதே மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத அதே கட்டடத்தில்தான் இன்னும் இருந்தார். கதையும் அந்த வருஷத்துக் கதைதான்.

"எங்க வீட்டம்மா ஆசைப்பட்டு ஒரு பீரோ வாங்கியிருந்தா. கெட்டி மரம். கதவு பூரா ஆளுயரக் கண்ணாடி. கூட வந்த பசங்க டீ குடிக்கப் போனாங்க. எனக்குப் பொறுமை ஏது? இவளைக் கீழ மூட்டைக்குக் காவல் வெச்சிட்டு, நெத்தியில பட்டையை மாட்டினேன், முதுகுல ஏத்திட்டேன். முதல் மாடி ஏறுறதுக்குள்ள உயிர் போச்சு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல கண்ணு இருட்டிட்டு வருது. அப்பப் பாருங்க, எங்கேர்ந்தோ ஒரு தெம்பு வந்துச்சு! பீரோ பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. விறுவிறுன்னு ஏறிப் போய் வெச்சிட்டேன். டீ குடிச்சிட்டு வந்த பசங்க வாயைப் பொளந்துட்டாங்க."

இங்கே ஒரு இடைவெளி விடுவார். கதையின் கடைசித் துண்டு அவருக்கு ரொம்பப் பிடித்தமானது.

"இதுல வேடிக்கை என்ன தெரியுமா? இவ ஒரே ஒரு துணிமூட்டையைத் தூக்கிட்டு மேல வந்தா. வந்தவ என்னைவிட அதிகமா மூச்சு வாங்குறா!"

எல்லாரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்தால் மனைவியும் சிரிப்பாள். சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவள் அவள். வரிசையில் நின்று வம்பு பண்ணுகிறவர்களை ஒரே பார்வையில் அடக்கத் தெரிந்தவள். அவள் பதிலுக்கு ஒன்றுமே சொல்லாமல் சிரிக்கிற ஒரே கதை இதுதான்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு நாள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட டாக்டரம்மா, இவ்வளவு லேசாக விழுந்ததற்கு எலும்பு உடையக் கூடாது, எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிட வேண்டும் என்றார். அவ்வளவுதான், மேஸ்திரி கச்சை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மனைவியின் எலும்புக்கு அவரே பொறுப்பாளரானார். வேளைக்குப் பால், கூடவே முட்டை, சாயங்காலம் கீரை. வெயிலில் நிற்கச் சொல்லி மொட்டை மாடிக்கு விரட்டினார். கால் தடுக்கும் என்று வீட்டிலிருந்த மிதியடிகளை எல்லாம் சுருட்டிப் பரணில் போட்டார். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி அடித்தார். தரைத்தளத்தில் முற்றம் வைத்த வீடு ஒன்றையும் தேடிப் பிடித்தார். "இனி நீ படியே ஏற வேண்டாம்" என்றார்.

இதுவரைக்கும் சரி. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. லாரிக்கொட்டகையில் ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது வாயை விட்டுவிட்டார்.

"பீரோவை மேல ஏத்தினவன் நான். கீழ இறக்குறவனும் நானே. ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

லாரி ஓட்டுகிற மீசை கை தட்டினான். ஒல்லி விசில் அடித்தான். ஒல்லி பேருக்குத்தான் ஒல்லி, கிரைண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போனில் பேசுகிறவன். பொழுது விடிவதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வீடு மாறும் நாளில் வேடிக்கை பார்க்க வருகிறோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்து போனது.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கும் முகாம் நடந்த அன்று மனைவியின் முகம் வெளிறிப் போயிருந்தது. குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் குகையும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு மெத்தை போட்ட மேஜை, அதன் மேல் நகர்கிற ஒரு கை, அவ்வளவுதான். ஆனாலும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூட வருகிறவர் ஐம்பது தாண்டியவராக இருந்தால் அவருக்கும் பார்க்கப்படும் என்று சுவரில் ஒட்டியிருந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா நடுங்குற? நான் முதல்ல படுக்கிறேன், பார்த்துக்கோ" என்று மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தார். மெஷினின் கை மேலே நகரும்போது மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு அவள் படுத்தாள். அதற்குப் பிறகு டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்களுக்குக் கொஞ்சம் குறைவா இருக்கு, அம்மா. மணிக்கட்டு உடைஞ்சதால சும்மா விட முடியாது. மருந்து ஆரம்பிச்சிடலாம், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார். "உங்களுக்குத்தான் சார் அதைவிட மோசமா இருக்கு."

மேஸ்திரி சிரித்தார். உண்மையிலேயே சிரித்தார்.

"டாக்டரம்மா, ரிப்போர்ட்டை மாத்திட்டாங்க. எங்க தொழில்ல இது சகஜம். சமையலறைப் பெட்டி மேல படுக்கையறைன்னு எழுதிடுவாங்க. பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சரி, பிரித்தே பார்த்துவிடுவோம் என்று மறுபடியும் அவரைப் படுக்க வைத்தார். கூடவே முதுகுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தார். வந்தது அதே கணக்கு. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் கட்டைகளில் ஒன்று முன்பக்கம் நசுங்கி, ஆப்பு போலச் சாய்ந்திருந்தது.

"முதுகுல எப்பவாவது திடீர்னு வலி வந்துச்சா?"

"வரல" என்றார் மேஸ்திரி.

"போன வருஷம் வந்துச்சு" என்றாள் மனைவி. "வாஷிங் மெஷினைத் தூக்கினப்ப. பிடிப்புன்னு சொல்லிட்டுத் தைலம் தடவிட்டு ஒரு மாசம் கோணிக்கிட்டே நடந்தாரு."

"மூச்சு இழுப்பு இருக்கா?"

"எப்பவாவது" என்றார் மேஸ்திரி.

"எப்பவும்" என்றாள் மனைவி. "தூசியிலேயே வேலை. மருந்துக்கடையில சின்னதா வெள்ளை மாத்திரை ஒண்ணு வாங்கிப் போடுவாரு. போட்டா உடனே மூச்சு சீராகிடும். வருஷக்கணக்கா போடுறாரு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த மாத்திரை ஸ்டீராய்டு, அதுதான் உள்ளே இருந்து எலும்பைத் தின்றிருக்கிறது என்று விளக்கினார். இந்த நோய் பொம்பளைகளுக்கு மட்டும்தான் என்று ஆம்பளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்றார்.

"உயரம் குறைஞ்சிருக்கா?"

மேஸ்திரி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"எங்க பீரோக் கண்ணாடியில இவருக்கு முன்னாடி நெத்தி தெரியாது. தலை சீவணும்னா குனியணும். இப்ப நேரா நின்னே வகிடு எடுக்கிறாரு. கண்ணாடிதான் ஏதோ மேல ஏறிடுச்சுன்னு எங்கிட்ட சொன்னாரு."

அது உண்மைதான். கீல் மாற்றியபோது கதவு மேலே ஏறியிருக்கும் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். கீல் மாற்றியவரும் அவர்தான்.

அவர் முகம் விழுந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் மரச்சாமானைத் தூக்குவதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே கரையான் அரித்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது தன்னையே யாரோ தட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

"உள்ளுக்குள்ள கரையானா, டாக்டரம்மா?" என்றார் மெல்ல.

"ஏறக்குறைய அப்படித்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு சார். கரையான் அரிச்ச மரம் திரும்ப வளராது. எலும்பு உயிரோட இருக்கு. தினமும் ஒரு பக்கம் இடியுது, ஒரு பக்கம் கட்டுது. உங்களுக்கு இடிக்கிற கை ஓங்கிடுச்சு. அதைக் கொஞ்சம் அடக்கி வெச்சா, கட்டுற கை மெல்ல மெல்லச் சரி பண்ணிடும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, தன் கண்காணிப்பில்தான் குறைக்க வேண்டும், இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து தருகிறேன் என்றார். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, இருவருக்குமே. கால்சியமும் வைட்டமினும் தனி. நடக்கலாம், ஆள் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிற முதுகுப் பயிற்சி செய்யலாம், வேலைக்கும் போகலாம். ஒன்றே ஒன்று மட்டும் கூடவே கூடாது. குனிந்து முதுகில் பாரம் ஏற்றக் கூடாது. இன்னொரு கட்டை நசுங்கினால் படுத்த படுக்கைதான்.

மேஸ்திரிக்கு மற்ற எதுவும் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதே. இந்த ஒரு பீரோவை மட்டும் இறக்கிடறேன். அப்புறம் ஒரு தலைகாணியைக்கூடத் தூக்க மாட்டேன்."

"தூக்கினா அப்புறம் தலைகாணியில படுக்கத்தான் முடியும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்கு ஒரு புது ஒழுங்கு வந்தது. வாரத்து மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கினால் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, டீயும் கூடாது. மாத்திரையைவிட மேஸ்திரிக்குக் கசந்தது டீ இல்லாத அந்த அரை மணி நேரம்தான். இருவரும் நேராக நிமிர்ந்தபடி வீட்டுக்குள்ளேயே சுற்றி வருவார்கள். படுக்கவும் முடியாது, தின்னவும் முடியாது, பேசத்தான் முடியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பீரோவில்தான் வந்து நிற்கும்.

"நாலு பேர் தூக்கினா என்ன குறைஞ்சு போச்சு?"

"பேர் குறைஞ்சு போகும். ஒத்தை ஆளா இறக்குவேன்னு ஊர் பூரா சொல்லியாச்சு."

"சொன்னது வாய்தானே? தூக்கப் போறது முதுகாச்சே!"

மேஸ்திரியின் பிடிவாதம் இறங்கவில்லை. அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் ஒரு ஞாயிறன்று அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றாள். மேஸ்திரி நிம்மதியாக மூச்சு விட்டார். கவுன்ட்டரில் அவள் வாதாடுவதை நிறுத்தினால் அடுத்து என்ன நடக்கும் என்று தியேட்டருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பாவம், அவருக்குச் சினிமா பார்க்க நேரமில்லை.

வீடு மாறும் நாள் விடிந்தது. மத்தியானத்துக்குள் பாத்திரங்களும் கட்டிலும் மேஜையும் இறங்கிவிட்டன. காலியான அறைகளில் பேச்சு எதிரொலித்தது. மூன்றாம் மாடி நடையில் பீரோ மட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. மாடிப்படியில் அக்கம்பக்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீசையும் ஒல்லியும் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

மேஸ்திரி முட்டி போட்டு உட்கார்ந்து, பீரோவுக்கு முதுகைக் கொடுத்தார். பட்டையை நெற்றியில் மாட்டினார். பயம் என்று ஒன்று இருந்தது, அதை அவர் தனக்குத்தானே இல்லை என்று சொல்லிக்கொண்டார். ஒரே ஒரு தடவை, மூன்றே மாடி, அதுவும் இறக்கம்தான்.

"தூக்கலாமா, மேஸ்திரி?" என்றான் மீசை.

அப்போது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பட்டை மாட்டிய தலையைத் திருப்ப முடியவில்லை. பீரோவின் அடிப்பக்கம் லேசாக அசைந்தது.

"நான் பிடிச்சிட்டேன். நீங்க எழுந்திருங்க" என்றாள் மனைவி.

"ஏய்! நீ எதுக்குப் பிடிக்கிற? கையை எடு!"

"அன்னைக்கும் நான்தானே பிடிச்சேன்? இன்னைக்கு மட்டும் எதுக்கு எடுக்கணும்?"

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"என்னைக்கு?" என்றார் மேஸ்திரி, பட்டைக்குள்ளிருந்து.

"கீழ நில்லுன்னு சொன்னீங்க. நின்னேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நீங்க விட்ட மூச்சு தெரு வரைக்கும் கேட்டுச்சு. பீரோ அப்படியும் இப்படியும் ஆடுது. ஓடி வந்து ரெண்டு கையையும் அடியில கொடுத்துத் தூக்கினேன். மூணாவது மாடி வரைக்கும் தூக்கிக்கிட்டே வந்தேன். நீங்க இறக்கி வெக்கிறதுக்குள்ள கீழ ஓடிப் போய் மூட்டையை எடுத்துக்கிட்டு வந்தேன். துணிமூட்டைக்கா எனக்கு அப்படி மூச்சு வாங்குச்சு?"

மேஸ்திரிக்கு முதலில் ஒன்றுமே ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. அந்தத் திருப்பம், இருட்டிய கண், எங்கிருந்தோ வந்த தெம்பு, பஞ்சாகிப் போன பீரோ. வாழ்நாள் பூராவும் எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் இவள் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

"ஏன்டி சொல்லவே இல்ல?"

"அன்னைக்கு உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அப்புறம் கதை நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப அந்தக் கதையாலே நீங்க படுத்துடுவீங்கன்னா எனக்கு அந்தக் கதை வேண்டாம். நீங்க தூக்கினா நானும் தூக்குவேன். மணிக்கட்டு போனாப் போகட்டும்."

"உன் மணிக்கட்டு இப்பத்தான்டி கூடியிருக்கு!"

"உங்க முதுகெலும்பு இன்னும் கூடவே இல்லையே!"

மேஸ்திரி நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார். மெல்ல எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் உதடு சிரிப்பை அடக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க? கேட்டுச்சில்ல? இதை நான் ஒத்தை ஆளா ஏத்தவே இல்ல. இப்ப இறக்கவும் போறதில்ல. எனக்கு எலும்பு தேஞ்சு போச்சு. முதுகுல ஒரு கட்டை நசுங்கியாச்சு. எல்லாம் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பண்ணின வேலை."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மீசை மட்டும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தான். சின்ன வெள்ளை மாத்திரைகள்.

"இதுவா, அண்ணே?"

"அட பாவி!"

"உங்களைப் பார்த்துத்தானே நானும் போட ஆரம்பிச்சேன்!"

ஒல்லி மெதுவாகத் தன் பையைத் துழாவினான். அவனிடமும் இருந்தது. அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. மூன்றாம் மாடியில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கீழே இறங்கித் தெரு வரை போனது. என்ன சங்கதி என்றே தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

"நாளைக்கே எல்லாரும் டாக்டரம்மாகிட்டப் போறீங்க" என்றாள் மனைவி, கவுன்ட்டர் குரலில். "வரிசையில நிக்கணும். வம்பு பண்ணினா நான் வருவேன். யாரும் மாத்திரையைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. எப்படிக் குறைக்கணும்னு அவங்க சொல்லுவாங்க."

"சரிங்க, அண்ணி" என்றார்கள் மலை மாதிரி நின்ற அத்தனை ஆட்களும்.

பீரோவை நாலு பேர் தூக்கினார்கள். முதுகில் ஏற்றாமல், நிமிர்ந்து நின்று, இரண்டு பக்கமும் பட்டை போட்டு. மேஸ்திரி அவர்களுக்கு முன்னால் படியில் இறங்கினார். "இடது கால்... மெதுவா... திருப்பம் வருது, தலைப்பக்கம் தூக்கு... சுவரு, சுவரு!" அவர் குரலுக்கு நாலு பேரும் ஒரே ஆள் போல நகர்ந்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் ஒரு நிமிஷம் நின்றார். மேலே திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. இந்தத் தடவை அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

புது வீட்டில் முதல் ஞாயிறு. பீரோ ஜன்னலோரம் நின்றது. இருவரும் மாத்திரையை விழுங்கிவிட்டு முற்றத்து வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள். டீக்கு இன்னும் நேரமிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, ஜன்னல் வழியாகத் தெரிந்த பீரோவைக் காட்டினார்.

"ரொம்ப நல்ல பீரோங்க. இந்தக் கனத்தை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

மேஸ்திரி அப்படியே நின்றார். முதுகை நிமிர்த்தினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"கல்யாணமான புதுசுங்க" என்று ஆரம்பித்தார் மேஸ்திரி. "மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நெத்தியில பட்டையை மாட்டி முதுகுல ஏத்திட்டேன். முதல் மாடி ஏறுறதுக்குள்ள உயிர் போச்சு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல கண்ணு இருட்டிட்டு வருது..."

அங்கே நிறுத்தினார். திரும்பி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எங்க போற? இங்க வா. இனிமே நீதான் சொல்லணும்."